நீலத்தாளில் எளிய பாடம்

எங்கள் இயக்குநருக்குப் பயிலரங்கு என்றால் உயிர். மாதம் தவறாமல் ஏதாவது ஒன்றில் கலந்துகொண்டு வருவார். வரும்போது கையோடு ஒரு புதுச் சொல்லையும் கொண்டுவருவார். அடுத்த பயிலரங்கு வரை அதை நாங்கள் சுமக்க வேண்டும். இந்த முறை அவர் கொண்டுவந்தது "அவரவர் நிலைக்கேற்ற கற்பித்தல்."

"ஒரே வகுப்பு, ஒரே பாடம், மூணு தாள்," என்றார். "சுமாரா படிக்கிறவங்களுக்குப் பச்சை, நடுவுல இருக்கறவங்களுக்கு மஞ்சள், கெட்டிக்காரங்களுக்கு நீலம். எந்த நிறம் எதுக்குன்னு யாருக்கும் தெரியக் கூடாது டீச்சர். மனசு புண்படும்."

ஸ்பானிஷ் மொழிப் பள்ளியின் இயக்குநரான அவருக்கு ஸ்பானிஷில் வணக்கம் சொல்லத் தெரியும். பதில் வணக்கம் சொன்னால் சிரிப்பார்.

என் மாலை வகுப்பில் பதினான்கு பேர். எல்லாரும் விவரம் தெரிந்த பெரியவர்கள். நிறத்தின் ரகசியத்தைக் கண்டுபிடிக்க அவர்களுக்கு நான்கு நிமிடம் ஆனது. பச்சையில் படம், நீலத்தில் பத்தி பத்தியாக எழுத்து. இதற்கு மேல் என்ன துப்பு வேண்டும்? பச்சைத்தாள் கிடைத்த ஓய்வுபெற்ற வரி அதிகாரி, "இது வேற யாரோடதோ," என்று மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

அந்த வகுப்பில்தான் அந்த மாமியாரும் மருமகளும் இருந்தார்கள். மகன் ஸ்பானிஷ் பேசும் தூர தேசத்தில் பாலம் கட்டப் போய் மூன்று வருடம். அங்கே போய்ச் சேர விசா வேண்டும். விசாவுக்கு மொழித் தேர்வில் தேற வேண்டும். ஆகவே இருவரும் ஒரே ஸ்கூட்டரில் வந்து, ஒரே பெஞ்சில் உட்கார்ந்து, ஒரே பாட்டிலில் தண்ணீர் குடித்துப் படித்தார்கள். "என்ன ஒற்றுமை!" என்று நெகிழ்ந்தவர் இயக்குநர் ஒருவர்தான்.

முதல் வாரம் மாமியாருக்குப் பச்சை, மருமகளுக்கு நீலம். மாமியார் தன் தாளைப் பார்த்தார், பக்கத்துத் தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். மருமகளின் முகம் வெளிறியது. பாடம் கஷ்டம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். பத்து வருட அனுபவம் எனக்கு.

அடுத்த வாரத் தேர்வில் மருமகள் இருபதுக்கு ஆறு. அதற்கடுத்த வாரம் நான்கு. மாமியார் ஒன்பது. விதிப்படி ஒருத்தியைப் பச்சைக்கு இறக்கி, இன்னொருவரை மஞ்சளுக்கு ஏற்றினேன். இயக்குநர் வரைபடம் போட்டு, "எவ்ளோ துல்லியமா காட்டுது பாருங்க!" என்று பூரித்தார்.

விடைத்தாள்களைத் திரும்பப் புரட்டியபோதுதான் எனக்கு உறைத்தது. மருமகளின் ஒவ்வொரு தப்பு விடைக்கும் அடியில் அழித்த பென்சில் தடம். ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். இருபதும் சரி. முதலில் ஒழுங்காக எழுதி, பிறகு அழித்து, பார்த்துப் பார்த்துத் தப்பு செய்திருக்கிறாள்.

மறுநாள் ஜெராக்ஸ் மெஷின் பக்கத்தில் அவளைப் பிடித்துக்கொண்டேன்.

"ஏம்மா இப்படிப் பண்றே? இந்தத் தடவை விட்டா அடுத்த தேர்வு ஆறு மாசம் கழிச்சுதான்."

"நீங்க நீலத்தாள் குடுத்த அன்னைக்கிலேருந்து அத்தை மூணு நாள் பேசலை மிஸ். நாலாவது நாள் பேசினாங்க. அதுக்குப் பேசாமலே இருந்திருக்கலாம்." தாள்கட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். "நீங்க ஒரு வார்த்தை அவங்ககிட்ட எடுத்துச் சொல்லலாமே மிஸ்? வகுப்பு முடிஞ்சதும் நீங்க உங்க வீட்டுக்குப் போயிடுவீங்க. நான் அவங்களோடதானே போகணும்?"

முதுகெலும்புள்ள ஆசிரியை என்றால் மாமியாரைக் கூப்பிட்டுப் பேசியிருப்பாள். நான் ஜெராக்ஸ் மெஷினைப் பார்த்தேன். கடினமான பாடத்தைப் பச்சைத்தாளில் அடித்து மருமகளுக்கும், மாமியாரை நீலத்துக்கே ஏற்றிப் படம் போட்ட பாடத்தை நீலத்தாளில் அடித்து அவருக்கும் கொடுத்தால் யார் கேட்கப்போகிறார்கள்? என் மூளையை நானே மெச்சிக்கொண்டேன்.

ஏழு வாரம் வகுப்பில் அப்படியொரு அமைதி. வாரத் தேர்வையும் அந்தந்த நிறத்திலேயே வைக்கச் சொல்லி இயக்குநர் என் வேலையைச் சுலபமாக்கிவிட்டார். மாமியார் நீலத்தாளை மடிக்காமல், நாலு பேர் பார்க்கும்படி கையில் பிடித்துக்கொண்டு வெளியே போவார். அதில் பூனை, நாற்காலி, குடை. எல்லாவற்றுக்கும் நான் ஸ்டார் போட்டுக் கொடுத்தேன். பக்கத்தில் மருமகள் பச்சைத்தாளில் வாடகை ஒப்பந்தம் படித்தாள், டாக்டரிடம் வலியை விவரித்தாள், பத்திரிகைக்குக் கடிதம் எழுதினாள்.

விசாவுக்கான மொழித் தேர்வுக்குப் பள்ளி அனுப்புகிறவர்களின் பெயர்களை எப்போதும் நான்தான் எழுதிக் கொடுப்பேன். இந்த முறை இயக்குநர் என்னிடம் கேட்காமல், நிறத்தைப் பார்த்துப் பட்டியல் போடும்படி கிளார்க்கிடம் சொல்லிவிட்டார். அறிவிப்புப் பலகையில் மாமியார் பெயர் முதலில் இருந்தது. மருமகள் பெயரே இல்லை. அவள் பட்டியலை மேலிருந்து கீழாக இரண்டு தடவை படித்துவிட்டுப் படியில் உட்கார்ந்துவிட்டாள்.

இயக்குநரிடம் ஓடினேன். உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை. "மருமக திடீர்னு முன்னேறிட்டாங்க சார்," என்று உளறினேன்.

"நிறம் பொய் சொல்லாது டீச்சர்," என்றார். பிறகு மனமிரங்கி, "சரி, என் முன்னாடி பேசிக் காட்டட்டும். மாமியாரும் இருக்கட்டும், சந்தோஷப்படுவாங்க."

அவர் அறையில் நால்வரும் உட்கார்ந்தோம். அட்டையில் இருந்த ஸ்பானிஷ் கேள்வியை அவர் எழுத்துக் கூட்டி வாசித்தார்: உங்கள் வீட்டைப் பற்றிச் சொல்லுங்கள்.

மருமகள் ஸ்பானிஷில் ஆரம்பித்தாள். எங்கள் வீட்டில் இரண்டு அறை, என்றாள். ஒன்றில் சமைக்கிறேன், இன்னொன்றில் சத்தமில்லாமல் இருக்கிறேன். கணவரின் போன் வந்தால் அவர் அம்மா எடுப்பார். என் முறை வரும்போது கணவருக்கு வேலைக்கு நேரமாகிவிடும். நான் கெட்டிக்காரி என்பது அத்தைக்குத் தெரியாது. தெரிய விட்டால் வீட்டில் இருக்க முடியாது. இந்த ஆசிரியை நல்லவர், ஆனால் பயந்தவர். எனக்காக ஒரு வார்த்தை பேசச் சொன்னேன். தாளின் நிறத்தை மாற்றிக் கொடுத்தார்.

குரல் கொஞ்சமும் உயரவில்லை. தோட்டத்தையும் ஜன்னலையும் வர்ணிப்பவள் போல முகத்தில் புன்னகை. நான் காது சுட உட்கார்ந்திருந்தேன். இயக்குநர் தாளம் போடாத குறையாகத் தலையாட்டினார். "நம்ம வீட்டைப் பத்தி எவ்ளோ சொல்றா பாருங்க," என்று மாமியார் முதலில் பெருமைப்பட்டார். போகப் போக அவர் சிரிப்பு சுருங்கியது. சொற்களைப் பிடிக்கப் பார்த்து உதடு அசைந்துகொண்டே இருந்தது.

"பிரமாதம்!" என்று இயக்குநர் மருமகளின் பெயரைச் சேர்த்துக் கையெழுத்துப் போட்டார்.

மாமியார் மருமகளின் பக்கம் திரும்பவில்லை. என்னிடம்தான் கேட்டார்.

"ஏழு வாரமா நான் நீலத்தாள்தானே எழுதறேன் டீச்சரம்மா, அவ பச்சைதானே? அவ பேசினதுல ஒரு வார்த்தை கூட எனக்குப் புரியலையே, ஏன்?"

இனி மாற்றிக் கொடுக்க என்னிடம் வேறு நிறம் இல்லை. எளிய பாடத்தை நீலத்தாளில் அடித்ததைச் சொன்னேன். இயக்குநர் பேனாவை மூடிவிட்டு என்னை முறைத்தார். மாமியார் கத்துவார் என்று எதிர்பார்த்தேன். அவர் கத்தியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

"வீட்டுல தினமும் உக்காந்து மனப்பாடம் பண்ணேன்," என்றார். "தேர்வு பத்து நாள்ல. நான் தேற மாட்டேன்னு உங்களுக்கு ஏழு வாரமாத் தெரியும். அவளுக்கு அவன் புருஷன், சரி. எனக்கு யாரு டீச்சரம்மா அவன்?"