தொங்கிய வார்

டமார்!

பாதி இறக்கியிருந்த ஷட்டரில் ஏதோ வந்து மோதிய வேகத்தில் பையக்காவின் தையல் மெஷினில் ஊசி முறிந்தது. சுவர் ஆணிகளில் கொத்துக்கொத்தாய்த் தொங்கிய பக்கிள்கள் கலகலவென்று ஆடின.

"எந்தக் கட்டையில போறவன்டா அது?" என்று திட்டிக்கொண்டே குனிந்து வெளியே வந்தவள், சட்டென்று வாயை மூடிக்கொண்டாள்.

ஷட்டரை முட்டிக்கொண்டு ஒரு பெரிய சிவப்பு பைக் நின்றது. ஹெல்மெட் கண்ணாடியைத் தூக்கிவிட்டுச் சிரித்தவன் வேறு யாருமில்லை, தங்கையின் புருஷன்.

"பயந்துட்டீங்களா அண்ணி? பிரேக் எப்படிப் பிடிக்குதுன்னு பார்த்தேன்."

"ஷட்டர் நல்லாத்தான் பிடிச்சிருக்கு மாப்பிள்ளை. பிரேக்கைப் பத்தி இன்னும் தெரியல."

அவன் பின்னாலிருந்து தங்கை இறங்கினாள். தார் ரோடு இளகுகிற வெயில். ஆனால் முழுக்கைச் சட்டை, மணிக்கட்டு வரை பொத்தான். அதைப் பையக்கா பார்த்தாள். அவள் பார்த்ததைத் தங்கையும் பார்த்தாள்.

பையக்கா என்பது பைக் ஓட்டுகிறவர்கள் வைத்த பெயர். நெடுந்தூரம் போகிற மோட்டார் சைக்கிள்களுக்குப் பை தைப்பதும், தைத்ததை வண்டியில் பொருத்திக் கொடுப்பதும் அவள் பிழைப்பு. தங்கையை 'சின்னு' என்றுதான் கூப்பிடுவாள். சின்னு ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவள். அந்தச் சிவப்பு வண்டி, கல்யாணத்துக்கு முன்னாலேயே அவள் சம்பாத்தியத்தில் வாங்கியது. வேலைக்கு ஓட்டுவது அவள். சேர்ந்து போனாலும், காற்று பிடிக்க, பெட்ரோல் போடப் போனாலும் முன்னால் உட்கார்ந்து அலட்டிக்கொள்வது அவன்.

"ஞாயித்துக்கிழமை கிளம்புறாக்கா உங்க தங்கச்சி, புது வேலைக்கு. மலைமேல இருக்கிற ஆஸ்பத்திரியாம். நல்ல பையாப் பார்த்து மாட்டிவிடுங்க" என்றான் மாப்பிள்ளை, உறவுமுறையைக்கூட மறந்துவிட்ட உற்சாகத்தில்.

பையக்காவுக்குச் சுருக்கென்றது. இந்த வேலைக்குப் போகக் கூடாது என்று மாதக்கணக்கில் குதித்தவன் இவன். ஒரு தடவை போனைச் சுவரில் அடித்து உடைத்தான். இன்னொரு தடவை என்ன உடைந்தது என்று சின்னு சொல்லவே இல்லை. அப்படிப்பட்டவன் இன்று கையைப் பிடித்து அழைத்துவந்து பை வாங்கித் தருகிறான். ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதையாக இருந்தது.

"தனியாவா அனுப்புறீங்க?" என்று ஆழம் பார்த்தாள்.

"தனியா விட்டுடுவேனா? டைல்ஸ் கடையைக் கை மாத்திட்டு அடுத்த மாசமே நானும் மூட்டை கட்டிடுவேன். என்னை விட்டுட்டு அவ எங்க போயிடுவா?" என்று சிரித்தபடி சின்னுவின் தோளில் கை வைத்தான். அந்தத் தோள் ஓர் அங்குலம் கீழே இறங்கியது.

பை தேர்ந்தெடுக்கும் படலம் ஆரம்பித்தது. அவன் கண் நேராக இருப்பதிலேயே பெரிய ஜோடியின் மீது போனது.

"இதைக் குடுங்க. வீட்டையே அள்ளிப் போட்டுட்டுப் போகட்டும்."

"மாப்பிள்ளை, வண்டி போகணுமா, வீடு போகணுமா? காலிப் பை பெருசா இருந்தா கண்டதையும் போடத் தோணும். பாதி ரொம்பின பை காத்துல படபடன்னு அடிக்கும். சின்னதா வாங்கி, கச்சிதமா ரொப்பணும்."

"இது போதும்க்கா" என்று சின்னு சாம்பல் நிற ஜோடி ஒன்றைத் தொட்டாள். தடித்த துணி. வாயைச் சுருட்டிச் சுருட்டி மூடினால் ஒரு சொட்டு மழை உள்ளே போகாது.

"அவளுக்கு என்ன தெரியும்?"

"ஓட்டப்போறது அவதானே?"

அவன் சிரித்தான்.

பையக்கா வேலையில் இறங்கினாள். இந்த ரக வண்டிகள் இரண்டுங்கெட்டான் ஜாதி. பந்தய வண்டிபோல் குனிந்து பறக்கவும் வேண்டும், கழுதைபோல் சுமக்கவும் வேண்டும். சைலன்சர் மேல்நோக்கி ஏறியிருக்கும், வால் பக்கம் ஒடிசலாக இருக்கும். கவனிக்காமல் மாட்டினால் வலப்பக்கப் பை சைலன்சரில் வெந்துபோகும், இடப்பக்கப் பை செயினுக்குள் போகும். அதனால் முதலில் பின்சீட்டைக் கழற்றி, அதன் அடியில் அகலமான வாரைக் குறுக்கே போட்டாள். பை உள்ளே சாயாமலிருக்க இரண்டு பக்கமும் தகடு வைத்தாள். சைலன்சர் பக்கம் சூடு தாங்கும் துணியை மடித்துக் கட்டினாள். பைகளில் மணல் மூட்டையை இறக்கி, கனம் இரண்டு பக்கமும் ஒன்றுபோல் இருக்கிறதா என்று கையாலேயே தூக்கிப் பார்த்தாள். பிறகு முழங்காலை வண்டியில் ஊன்றி, வாரைப் பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தாள்.

இழுத்த பிறகு மிஞ்சும் முனைதான் அவளுக்கு உயிர். அதை உள்பக்கமாகச் சுருட்டி, ரப்பர் வளையத்துக்குள் செருகி, அதன்மேல் வெல்க்ரோவை ஒட்டி அழுத்தினாள். கடைசியாகப் பையைப் பிடித்து உலுக்கினாள். பை ஆடவில்லை, வண்டிதான் ஆடியது.

"இதுக்குப் பேருதான் கட்டு" என்றாள்.

"இவ்வளவு பொத்திப் பொத்தி வைக்கிறீங்களே, ஒரு நாடா தொங்கினா குடியா முழுகிடும்?" என்று மாப்பிள்ளை கேட்டான்.

"குடிதான் முழுகும். இந்த முனை செயின்ல மாட்டுச்சுன்னா, கண்ணை மூடித் திறக்கறதுக்குள்ள மொத்தப் பையையும் உள்ள இழுத்துக்கும். பின்சக்கரம் அப்படியே நின்னுடும். மேட்டுல ஏறும்போதுன்னா கீழே விழுந்து முட்டி பேந்துடும், அவ்வளவுதான். இறக்கத்துல வேகமாப் போகும்போது நின்னுச்சுன்னா..." என்று நிறுத்தி, நாக்கைக் கடித்துக்கொண்டாள். "ஒருத்தன் வண்டியைத் தூக்கிட்டு வந்தாங்க இங்க. சக்கரத்துக்குள்ள சுத்தியிருந்த வாரை நான்தான் அறுத்து எடுத்தேன். வண்டிக்காரன் வரல."

மாப்பிள்ளை விசிலடித்தான். "அடேங்கப்பா! ஒரு நாடாவுக்கு இம்புட்டு வேலையா!"

சின்னு பளபளவென்று எண்ணெய் பூசியிருந்த செயினையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

சனிக்கிழமை சாயங்காலம், வழியில் முறிந்தால் மாற்றுவதற்கு இரண்டு உபரி பக்கிள்களைக் கொடுப்பதற்காகப் பையக்கா தங்கை வீட்டுக்குப் போனாள். வீடு ஒரு மேட்டின் உச்சியில் இருந்தது. கேட்டைத் தாண்டினால் தெரு சறுக்கு மரம்போல் இறங்கி, கீழே ஒரு கல்சுவரின் பக்கம் வளைந்து திரும்பும். போர்ட்டிகோவில் வண்டி நின்றது, பைகள் பாதி நிரம்பி மாட்டியே இருந்தன.

இடப்பக்கம் பார்த்தவள் சட்டென்று குனிந்தாள்.

வார் தொங்கிக்கொண்டிருந்தது. வெல்க்ரோ பிரிந்து, வளையம் காலியாகி, சுருள் அவிழ்ந்து, முனை செயினுக்கு அருகே ஆடிக்கொண்டிருந்தது. பக்கிளும் தளர்ந்திருந்தது. ரோட்டுக் குலுக்கலில் வெல்க்ரோ பிரியலாம், வளையம்கூட நழுவலாம் என்றே வைத்துக்கொள்வோம். பக்கிள் தானாகத் தளராது. இது கை செய்த வேலை.

விறுவிறுவென்று இறுக்கிக் கட்டினாள். நிமிர்ந்தபோது ஜன்னலுக்குப் பின்னால் மாப்பிள்ளை தலை வாரிக்கொண்டே அவளைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"என்ன அண்ணி, வீட்டுக்கே வந்து சர்வீஸா?" என்று சீப்பைச் சட்டைப் பையில் செருகியபடி வெளியே வந்தான். "நகருங்க, டயர்ல காத்து பார்த்துட்டு வந்துடறேன்."

வண்டி உறுமிக்கொண்டு இறக்கத்தில் பாய்ந்தது.

உள்ளே சின்னு டம்ளர்களைக் கழுவிக்கொண்டிருந்தாள். சட்டைக் கையைச் சுருட்டி விட்டிருந்தாள். முழங்கைக்கு மேலே விரல்கள் பதிந்த தடம், பழுத்து மஞ்சளாகியிருந்தது. அக்காவைக் கண்டதும் அவசரமாகச் சட்டைக் கையை இறக்கினாள்.

"எப்ப வந்தே? அவர் எங்க?"

"காத்து பார்க்கப் போயிருக்கான்."

சின்னு குழாயை மூடினாள். தலையைச் சாய்த்து, வெளியே காது கொடுத்தபடி நின்றாள். வெகுநேரம் அப்படியே நின்றாள். கீழேயிருந்து வண்டிச் சத்தம் திரும்ப ஏறிவந்தபோது, அவள் கையிலிருந்த டம்ளர் நழுவித் தொட்டியில் விழுந்து உருண்டது.

"வெண்ணெய் மாதிரி போகுது அண்ணி!" என்று வாசலிலிருந்தே கத்தினான் அவன்.

சின்னுவின் முகத்தில் பொட்டு ரத்தமில்லை. இவன் குரல் கேட்டாலே இந்தப் பெண்ணுக்கு இவ்வளவு நடுக்கமா என்று பையக்கா மனசுக்குள் அவனைத் திட்டினாள்.

கிளம்பும்போது தங்கையைக் கேட்டுக்குப் பக்கத்தில் இழுத்துக்கொண்டு போனாள்.

"சின்னு, நான் சொல்றதைக் கேளு. உன் வண்டியில இவன் கை வைக்கிறான். வாரை அவிழ்த்துத் தொங்கவிட்டிருக்கான். நான் கட்டினதை ஜன்னல் வழியாப் பார்த்தான், பார்த்துட்டுத்தான் தைரியமா வண்டியை எடுத்தான். நீ இந்த வண்டியில போகவே வேணாம்டி. இப்பவே என்கூட வந்துடு."

சின்னு அவள் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். விரல்கள் ஐஸாக இருந்தன.

"யாருகிட்டயும் சொல்லிடாதக்கா. அவர்கிட்டயும் கேட்டுடாத. நாளைக்குக் காலையில எல்லாம் முடிஞ்சுடும்."

"எனக்கென்னவோ..."

"என்னை இந்த ஒரு தடவை நம்புக்கா."

வீட்டுக்குத் திரும்பிய பையக்கா ராத்திரியெல்லாம் யோசித்தாள். போலீசுக்குப் போனால் என்ன சொல்வது, நாடா தொங்கியது என்றா? சிரிப்பார்கள். அவன் முகத்தைப் பார்த்துக் கேட்டாலோ, 'உங்க கட்டு சரியில்ல அண்ணி' என்று கையை விரித்துவிடுவான். திருடனைக் கையும் களவுமாகப் பிடித்தால்தான் உண்டு.

விடிந்ததும் விடியாததுமாகப் போய் நின்றாள். போர்ட்டிகோவில் வண்டி தயாராக இருந்தது. பைகள் இரண்டும் முட்ட முட்ட நிரம்பியிருந்தன.

இடப்பக்க வார் மறுபடியும் தொங்கியது. இந்தத் தடவை இன்னும் கீழே, செயினை உரசிக்கொண்டு.

குனிந்து கையை நீட்டியவள், பாதியில் நிறுத்தினாள். உள்ளேயிருந்து செருப்புச் சத்தம். மாப்பிள்ளை ஹெல்மெட்டும் சாவியுமாக வந்தான்.

"வாங்க அண்ணி, கோழிக்கு முந்தி எழுந்துட்டீங்களா? டேங்க் ரொப்பிட்டு வந்துடறேன். லேட்டானா பங்க்ல கூட்டம் சேர்ந்துடும்."

பையக்கா ஓரமாக நகர்ந்தாள். இதோ, இந்த நிமிஷம்தான். அவிழ்த்தவனுக்கு அது எங்கே தொங்குகிறது என்று தெரியும். குனிந்து கட்டினாலும் சரி, ஏதாவது சாக்குச் சொல்லி இறங்கினாலும் சரி, கண் ஒரு தடவை அந்தப் பக்கம் ஓடினாலும் சரி, சட்டையைப் பிடித்துவிடலாம். அந்தக் கண்ணையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

அவன் காலைத் தூக்கிப் போட்டு உட்கார்ந்தான். சாவியைத் திருகினான். இஞ்சின் உறுமியது.

"ஏன் பேயறைஞ்ச மாதிரி நிக்கிறீங்க? போகப்போறது உங்க தங்கச்சிதானே, நான் இல்லையே!" என்று கண்ணடித்துவிட்டு, ஹெல்மெட் கண்ணாடியைப் பட்டென்று இறக்கினான்.

வண்டி கேட்டைத் தாண்டியது.

அவன் பார்க்கவே இல்லை. குனியவில்லை, தயங்கவில்லை, ஒரு நொடிகூட அந்தப் பக்கம் திரும்பவில்லை. அவனுக்குத் தெரியவே தெரியாது.

அப்படியானால்?

"மாப்பிள்ளை! நில்லுங்க! நிறுத்துங்க!"

தெருவுக்கு ஓடினாள். செருப்பு ஒரு பக்கம் பறந்தது. இறக்கத்தில் சிவப்பு வண்டி சின்னதாகிக்கொண்டே போனது. இடப்பக்கம் கறுப்பு வார் பாம்புக்குட்டிபோல் துள்ளித் துள்ளிக் காற்றில் ஆடியது. துள்ளியது. பிறகு காணவில்லை.

பர்ரென்று துணி கிழிகிற மாதிரி ஒரு சத்தம். டயர் கதறியது. கல்சுவர்ப் பக்கமிருந்து எழுந்த ஓசையை அவள் காதால் கேட்கவில்லை, வெறுங்காலின் வழியாக உணர்ந்தாள்.

அதன்பிறகு இஞ்சின் சத்தம் இல்லை. எந்த வீட்டிலோ ஒரு நாய் மட்டும் குரைத்தது.

பையக்கா திரும்பிப் பார்த்தாள். வாசற்படியில் சின்னு நின்றிருந்தாள். ஓட்டுகிற ஜாக்கெட்டைக் கழுத்து வரை மூடியிருந்தாள். கையுறையை ஒவ்வொரு விரலாக நிதானமாக இழுத்து மாட்டிக்கொண்டிருந்தாள். கண்ணில் நீரில்லை.

"சின்னு... அந்த வாரு... அவன் இல்லடி... அவனுக்குத் தெரியாது..." என்றாள் பையக்கா.

சின்னு கையுறையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"நேத்தே முடிஞ்சிருக்க வேண்டியது. நீ எதுக்குக்கா வந்து இறுக்குனே?"