பதினாறுக்குப் பதினொன்று

நல்லதம்பி சவுதியிலிருந்து ஒரேயடியாக ஊர் திரும்பிய ஒன்பதாம் நாள், அவனுக்கென்று கட்டிய அறை பதினாறுக்குப் பதினொன்று அடியிலிருந்து பதினாலுக்கு ஒன்பதாகக் குறைந்திருந்தது. அறையைக் கட்டிய திருப்பதி கொத்தனாரே வந்து டேப் பிடித்து இரண்டு தடவை அளந்தார். சுவரில் விரிசல் இல்லை, பூச்சு உதிரவில்லை. டைல்ஸ்கூட ஒன்றும் உடையாமல் இருந்தன, எண்ணிக்கையில்தான் இரண்டிரண்டு வரிசை குறைவு. "நான் ஒழுங்காத்தான் கட்டுனேன் தங்கச்சி. உள்ள படுக்குறவங்களத்தான் கேக்கணும்" என்று நல்லதம்பியின் மனைவி புவனேஸ்வரியிடம் சொன்னவர், கொடுத்த டீயைக் குடித்துவிட்டு அரிமளத்தில் சென்ட்ரிங் வேலை கிடக்கிறதென்று கிளம்பிப் போனார்.

அந்த ஓர் அறைக்காகப் புவனேஸ்வரி பட்ட பாட்டை ஊரே பார்த்திருக்கிறது. மகள் இளமதி தவழ்ந்துகொண்டிருந்தபோது விமானம் ஏறியவன் நல்லதம்பி. இருபத்தோரு வருஷம். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை நாற்பத்தைந்து நாள் லீவில் வருவான். அண்ணன் வீட்டுக் கூடத்தில் பாய் விரித்துப் படுத்துவிட்டு விருந்தாளி மாதிரி திரும்பிப் போவான். போன புதிதில் ஒருமுறை போனில், "கை காலை நீட்டக்கூட எடமில்ல புவனா" என்று அழுதிருந்தான். அந்த ஒரு சொல்லைத்தான் அவள் வருஷக்கணக்காக வயிற்றில் நெருப்பாகக் கட்டிக்கொண்டிருந்தாள். தனி வீடு கட்டியபோது, மற்ற அறைகள் எப்படியும் போகட்டும், இது பதினாறுக்குப் பதினொன்று என்று நின்றாள். மனையடி சாஸ்திரத்துக்கும் அது ஒத்து வந்தது. தைலமரக் காட்டைப் பார்த்துப் பெரிய ஜன்னல், ஆறுக்கு ஆறு கட்டில், இரண்டு தலையணை. அவன் அந்தச் சொல்லைச் சொன்னது முதல் வருஷம், இவள் அறை கட்டியது இருபதாம் வருஷம். நடுவில் ஒருதரம் அவனை மறுபடி கேட்டிருக்கலாம். யாருக்கும் தோன்றவில்லை.

நல்லதம்பிக்கு அங்கே எப்போதும் நைட் ஷிப்ட்தான். அதனால் இங்கேயும் பகலில்தான் உறங்கினான். அவன் உறங்கும்போதெல்லாம் சுவர்கள் நெருங்கி வந்தன. சத்தம் எதுவும் இல்லை. ஒரு புதன்கிழமை ஜன்னல் உள்ளங்கை அகலமாயிற்று. அடுத்த வாரம் பீரோ தானாகவே வெளியே வந்து ஹாலில் நின்றது. குறைந்த இடமெல்லாம் எங்கே போனதென்று பார்த்தால், ஹால் பெருகியிருந்தது. செய்வினை என்று சொல்லி எலுமிச்சம்பழம் நறுக்கி வைத்தார்கள். பழம் வாடியதுதான் மிச்சம். மகளிர் குழுப் பெண்களோ, இவ்வளவு பெரிய ஹால் வேறு யார் வீட்டிலும் இல்லையென்று மாதக் கூட்டத்தையே அங்கே மாற்றிக்கொண்டார்கள். ஊரான் வீட்டுத் துக்கத்தில் நமக்கு நிழல் கிடைத்தால் யார்தான் வேண்டாமென்பார்கள்?

புவனேஸ்வரி சும்மா இருக்கவில்லை. கட்டிலைத் திருப்பிப் போட்டாள், சுவரின் வெளிர்பச்சையை அழித்து மஞ்சள் அடிக்கச் சொன்னாள், திரைச்சீலையைக் கழற்றினாள், மாட்டினாள். ஒன்றுக்கும் அறை மசியவில்லை. கடைசியில் சோறு போடும்போது கேட்டேவிட்டாள்.

"என்னங்க கொறை அதுல? வாயத் தொறந்து சொன்னாத்தானே தெரியும்."

"கொறை ஒண்ணுமில்ல புவனா. நல்லாத்தான் கட்டிருக்க. படுத்தா பொட்டல்ல கெடக்குற மாதிரி இருக்கு. கைய நீட்டுனா செவரு படணும். அப்பத்தான் கண்ணு சொருகுது."

"கை கால நீட்ட எடமில்லன்னு நீங்கதானே சொன்னீங்க?"

"நானா? எப்ப?" என்றான் நல்லதம்பி. உண்மையாகவே அவனுக்கு நினைவில்லை.

குழம்புக் கரண்டியோடு அவள் அப்படியே நின்றாள். இருபது வருஷமாக யாருக்காக இந்த அறையை மனசுக்குள் கட்டிக்கொண்டிருந்தோம் என்று நினைத்தபோது, அந்த மனிதன் இன்னும் வரவே இல்லை என்று பட்டது. அன்றைக்கு அவள் சாப்பிடவில்லை.

அதன்பிறகுதான் அவன் கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னான். ஓர் அறைக்கு எட்டுப் பேர், அடுக்குக் கட்டில், அவனுக்கு மேல்தட்டு. ஆறரை அடி நீளம், மூன்றடி அகலம். பெட்ஷீட்டைக் கட்டி மறைத்துக்கொண்டால் அதற்குள் ஒரு வீடு. தண்ணீர் பாட்டில், சார்ஜர், தைலம் எல்லாம் படுத்தபடியே கைக்கு எட்டும். அறையும் அந்தக் கணக்குக்குத்தான் போய்க்கொண்டிருந்தது. கார்த்திகையில் கட்டில் வெளியே வந்தது, அவன் ஒரு பலகை வாங்கிப் போட்டுக்கொண்டான். மார்கழியில் ஒருநாள் இரண்டாவது தலையணை ஹால் தரையில் கிடந்தது. புவனேஸ்வரி அதை எடுத்து உள்ளே வைத்தாள். மறுநாளும் வெளியே கிடந்தது. மூன்றாம் நாளும் கிடந்தபோது, எடுத்துத் தட்டித் தன் பாயில் போட்டுக்கொண்டாள். தை பிறந்தபோது அறை ஆறரைக்கு மூன்றில் வந்து நின்றது. அதில் இரண்டு பேருக்கு எங்கே இடம்?

மாசியில் அவனுக்குக் காய்ச்சல் கண்டது. பட்டப்பகலில் அனத்திக்கொண்டிருந்தவனுக்கு ஈரத்துணி போட அவள் உள்ளே போக வேண்டியிருந்தது. பலகையும் அவனும் போக நிற்க வழியில்லை, உட்கார வழியில்லை. பக்கவாட்டில் நுழைந்து சுவரோடு ஒட்டி, அவன் முகத்துக்கு ஒரு சாண் தள்ளி ஒருக்களித்துப் படுத்தாள். நல்லதம்பி கண்ணைத் திறந்தான். திடுக்கிடவில்லை. வந்த நாளிலிருந்து ஒருதரமும் பார்க்காத மாதிரி அவளை அவ்வளவு ஆசையாகப் பார்த்தான். பிறகு பெருவிரலால் அவள் நெற்றியின் இடது ஓரத்தை அழுத்தினான், வலது ஓரத்தை அழுத்தினான், இரண்டு தாடையோரத்தையும் அழுத்தினான். "டேப்பு விட்டுப்போகுது பாரு. எல்லாம் இந்த ஏசி ஈரம்" என்று முனகினான்.

அவளுக்குப் புரிந்தது. அங்கே அவள் போட்டோவைச் சுவரில் டேப் போட்டு ஒட்டி வைத்திருந்திருக்கிறான். படுக்கும்போதெல்லாம் நாலு மூலையையும் அமுக்கிவிட்டுத்தான் தூங்கியிருக்கிறான். இருபத்தோரு வருஷமும் அவளோடுதான் வாழ்ந்திருக்கிறான், அவள்தான் அங்கே இல்லை. வாய்விட்டு அழவேண்டும் போலிருந்தது. சத்தம் கேட்டால் தன்னை யாரோ என்று நினைத்துவிடுவானோ என்று பயந்து மூச்சைப் பிடித்துக்கொண்டாள். அவன் தூங்கிப்போனான். சுவர்கள் அசையவில்லை.

காய்ச்சல் நாலு நாளில் விட்டது. அறை அதற்குமேல் குறையவும் இல்லை, கூடவும் இல்லை. கோயம்புத்தூரிலிருந்து இளமதி போன் போட்டு, "அப்பாவுக்கு ரூம் புடிச்சிருக்காம்மா?" என்று கேட்டாள். "புடிச்சிருக்குடி. ரெண்டு பேருக்கும் எடம் பத்துது" என்றாள் புவனேஸ்வரி. இப்போதெல்லாம் மதியம் இரண்டு மணிக்கு அந்த வீட்டுக்கு யாரும் போவதில்லை. பாத்திரம் கழுவிக் கவிழ்த்துவிட்டு, தலையைச் சீவி, நெற்றிக்கு வைத்துக்கொண்டு அவள் பக்கவாட்டில் உள்ளே போகும் நேரம் அது. அரைமணி நேரம் இமைக்காமல், லேசாகச் சிரித்த முகமாகப் படுத்திருப்பாள். அவன் நாலு மூலையையும் அழுத்திப் பார்த்துத் தூங்கியதும், அவனை எழுப்பாமல் எழுந்து வெளியே வருவாள்.