மாதா படத்து ஆணி

வீட்டைச் சூடாக்கும் பொயிலரின் அழுத்தம் காட்டும் முள் மறுபடியும் ஒன்றுக்குக் கீழே இறங்கியிருந்ததைக் காலையில் கண்டதும் எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை, நான் வேலை செய்யும் வீட்டுக்காரி சிஞ்ஞோராவிடம் ஒரு வார்த்தை கேளாமல், என் அறைச் சுவரில் மடு மாதா படத்துக்கு ஆணி அடித்தேன். அதுவும் அறையைச் சூடாக்கும் ரேடியேற்றருக்கு நேர் மேலே. இத்தாலிப் பலெர்மோக் குளிரில் மாதா விறைக்கக் கூடாதாம், என் கெட்டித்தனம். திங்களிலிருந்து முள் தினமும் இறங்கியது. சுவருக்குள் குழாய் வெடித்திருக்கும், உடைத்துத்தான் பார்க்க வேண்டும் என்றார் சிஞ்ஞோரா. அன்றே ஆணியைப் பிடுங்கினேன். சோற்றைப் பிசைந்து ஓட்டையை அடைத்தேன். படத்தைக் கட்டிலுக்கு அடியில் ஒளித்தேன். இங்கே தங்கும் அனுமதியான என் பெர்மெஸ்ஸோவைப் புதுப்பிக்க வேலைக் கடிதம் அடுத்த கிழமை அவர்தான் தர வேண்டும். வீட்டுக் குழாயை உடைத்தவளுக்கு யார் கடிதம் கொடுப்பார்கள்?

பிரான்காச்சோப் பகுதிப் பட்டறையிலிருந்து திருத்த வந்தது அலோசியஸ், எங்கள் கோயிலில் பாடுகிற மன்னார்க்காரன். சிஞ்ஞோரா தொலைபேசியில் இருந்த நேரம் பார்த்து அவனை அறைக்குக் கூப்பிட்டு எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அவன் சோற்றை நகத்தால் சுரண்டிப் பார்த்தான். சிரிப்பை அடக்குவது தெரிந்தது. எனக்குக் கோபமும் அழுகையும் சேர்ந்து வந்தன. பாண் சுற்றி வந்த கடதாசியில் பென்சிலால் கோடு போட்டான். பொயிலரிலிருந்து குசினிச் சுவர்ப் பெட்டிக்குத் தடித்த குழாய்கள். அங்கிருந்து ஒவ்வொரு ரேடியேற்றருக்கும் சுடுதண்ணீர் போக ஒன்று, ஆறித் திரும்பி வர ஒன்று.

"அக்கா, இதெல்லாம் நிலத்துக்குக் கீழைதான் ஓடுது. உங்கட ஆணி கிட்டவும் போகேல்லை."

"பின்னை தண்ணி எங்கை போகுது, தம்பி?"

அறை அறையாகப் பார்த்தான். சிஞ்ஞோராவின் படுக்கையறை ரேடியேற்றருக்கு அடியில் ஒரு கோப்பை நிறையத் தண்ணீர், பக்கத்தில் அதன் காற்றுத் திருகைத் திறக்கும் ஒரு சின்னத் திறப்பு. உள்ளே அடைத்த காற்றை வெளியேற்ற வேண்டும் என்று பக்கத்து வீட்டார் சொன்னதைக் கேட்டு, இந்தக் கிழமை முழுக்கச் சிஞ்ஞோரா தினமும் திருகித் திறந்து தண்ணீரையும் சேர்த்து விட்டிருக்கிறார். குளிர்காலத் தொடக்கத்தில் ஒருமுறை செய்தால் போதும் என்று அலோசியஸ் பக்குவமாகச் சொன்னான். சிஞ்ஞோராவின் முகம் சிவந்துவிட்டது. தண்ணீர் நிரப்பியதும் முள் ஒன்றரையில் போய் நின்றது, மதியம் தாண்டியும் அசையவில்லை. எனக்கு உயிர் திரும்பி வந்தது.

பின்னேரம் ஓட்டையைச் சுரண்டினேன். சோறு சீமெந்தாக இறுகியிருந்தது. பக்கத்தில் புது ஆணியை வைத்துச் சுத்தியலால் அடித்தேன். என்ன சத்தம் என்று சிஞ்ஞோரா கேட்டார். ஆணி அடிக்கிறேன் என்று உரத்தே சொல்லிவிட்டு, கட்டிலுக்கு அடியிலிருந்து படத்தை எடுத்து மாட்டினேன்.

அவர் வந்து வாசலில் நின்றார். மாதாவைப் பார்த்து நெற்றியில் சிலுவை போட்டார். பிறகு தலையைச் சரித்து, படம் வலப்பக்கம் கொஞ்சம் தாழ்ந்திருக்கிறது என்று கையால் காட்டினார்.