இருபத்தேழாம் எண்காரன் இறங்கிய ஆழம்

1994 அக்டோபர் பதினேழாம் தேதி, திங்கட்கிழமை காலை ஏழு இருபதுக்கு, டாட்டியின் உணவகத்தில் எண்பது பேர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே வேட் கெஸ்லர் தரைக்குள் நான்கு அங்குலம் இறங்கினான். தரை பிளக்கவில்லை, விரிசலும் விடவில்லை. குளத்தில் கால் வைத்தால் தண்ணீர் விலகிக்கொடுக்குமே, அந்த மாதிரி விலகிக்கொடுத்து அவன் கணுக்காலைச் சுற்றி மூடிக்கொண்டது. டாட்டி அப்போது காபி ஊற்றிக்கொண்டிருந்தாள். ஊற்றி முடித்துவிட்டுத்தான் குனிந்து பார்த்தாள். அன்றைக்கு அவள் கடையில் காபி ஐம்பது சென்ட், முட்டையும் பன்றி இறைச்சியும் வைத்த தட்டு இரண்டு டாலர் இருபது. வாரத்தின் சிறந்த ஆட்டக்காரனுக்கு மட்டும் எல்லாம் இலவசம்.

நெப்ராஸ்காவில் கால்பந்து என்றால் தோளில் கவசம் கட்டி, தலையில் இரும்புக் கூண்டு மாட்டி, ஒருவர்மேல் ஒருவர் விழுந்து புரள்கிற ஆட்டம்தான். வேறு கால்பந்து இருப்பதாக எங்கள் ஆல்டர் ஃபோர்க்கில் யாரும் ஒப்புக்கொள்வதில்லை. ஊரிலிருக்கும் வென்ட்லிங் கல்லூரிக்குத் தொள்ளாயிரம் மாணவர்கள், கொக்குகள் என்று ஓர் அணி. ஒவ்வொரு செவ்வாயும் தலைநகரப் பத்திரிகை, சனிக்கிழமை நடந்த கல்லூரி ஆட்டங்களிலிருந்து அந்த வாரத்தின் சிறந்த ஐந்து அணிகளையும் எட்டு ஆட்டக்காரர்களையும் பட்டியல் போடும். பத்தொன்பது வருடங்களாக அதில் கொக்குகளின் பெயர் வந்ததில்லை. வராத பெயரைத் தேடி பத்தொன்பது வருடம் பத்திரிகை வாங்கிய ஊர் எங்களுடையது. வாங்கவில்லை என்று சிலர் சொல்லிக்கொள்வார்கள். செவ்வாய்க்கிழமை அவர்கள் வீட்டுக் குப்பைத் தொட்டியைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

அந்தச் சனிக்கிழமை நடந்தது இதுதான். ஆட்டம் முடிய முப்பத்தொரு விநாடி. கொக்குகள் மூன்று புள்ளி முன்னால். பந்தை எதிரணிக்கு உதைத்தனுப்பினோம். அதைப் பிடித்த எதிரணிப் பையன், சேற்றில் எல்லோரும் வழுக்கி விழுந்த நேரமாகப் பார்த்து, ஒற்றை ஆளாக எங்கள் எல்லைக்கோட்டை நோக்கி ஓடினான். இருபத்தேழாம் எண் போட்ட ஒருவன் அறுபது கெஜ தூரம் துரத்தி, கோட்டுக்கு மூன்று கெஜம் இருக்கும்போது பின்னாலிருந்து பந்தைக் குத்தித் தட்டிவிட்டான். எங்கள் பையன் ஒருவன் அதன்மேல் விழுந்து படுத்துக்கொண்டான். வென்றோம். ஒலிபெருக்கியில் மெர்ல் டோப்ரி முழங்கினார்: "இருபத்தேழு! வேட் கெஸ்லர்! வேட் கெஸ்லர்!" மெர்ல் வாரநாளில் காப்பீட்டு முகவர், சனிக்கிழமையில் அறிவிப்பாளர். மைதானத்தில் அவர் பேசுவது உள்ளூர் வானொலியிலும் அப்படியே போகும்.

கல்லூரி ஆட்டத்தில் ஒரே அணியில் இரண்டு பேர் ஒரே எண்ணைப் போட்டுக்கொள்ளலாம். ஒரே நேரத்தில் களத்தில் நிற்கக் கூடாது, அவ்வளவுதான். எங்களிடம் இருபத்தேழு இரண்டு. ஒருவன் வேட், தடுப்பு வரிசையின் நட்சத்திரம். இன்னொருவன் ஓரின் கட்லர். நான்கு வருடமாக அணியில் இருந்தான், உதைத்தனுப்பும் குழுவில் மட்டும் இறக்குவார்கள், ஒரு தடவைகூட அவன் பெயரை மெர்ல் உச்சரித்ததில்லை. சட்டையில் பெயர் எழுதக் கல்லூரிக்கு வசதி இல்லை. பந்தைத் தட்டியவன் ஓரின். அந்த நேரம் வேட் கெஸ்லர் ஓரமாக நின்று தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தான்.

இது தெரியாமல் நடந்த பிழை என்று சொன்னால் அழகாக இருக்கும். ஆனால் ஓரின் எழுந்து தலைக்கவசத்தைக் கழற்றி வாயிலிருந்த சேற்றைத் துப்பியதை மூன்றாம் வரிசையிலிருந்து ஆறாம் வரிசை வரை எல்லோரும் பார்த்தார்கள். இதை எழுதும் கை அப்போது நான்காம் வரிசையில் சோளப்பொரி தின்றுகொண்டிருந்தது. பயிற்சியாளர் ரெக்ஸ் ஹானிகனுக்கு எந்தக் குழுவில் எவன் நிற்கிறான் என்று தூக்கத்திலும் தெரியும். மெர்லுக்கும் ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிட்டது. ஆனால் இருபத்திரண்டு வருடம் ஒரு பெயரைக்கூடத் தப்பாகச் சொல்லாதவர் என்று அவருக்குக் கல்லூரி கேடயம் கொடுத்து அப்போது ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. பத்திரிகைக்குத் தொலைபேசியில் விவரம் சொன்னவரும் அவர்தான். ஞாயிறு மாலைக்குள் வங்கியின் கண்ணாடியில் வேட் கெஸ்லரின் பெயரை வெள்ளைச் சாயத்தில் ஆளுயரத்துக்கு எழுதியாகிவிட்டது. சாயத்தை அழித்துவிட்டு எழுதலாம் என்பது யாருக்கும் தோன்றவில்லை. தோன்றியவர்கள் சொல்லவில்லை.

வென்ற வாரத்துத் திங்களில், ஊர் தேர்ந்தெடுத்த சிறந்த ஆட்டக்காரன் டாட்டியின் கடையில் எழுந்து நின்று, தான் செய்ததைத் தன் வாயாலேயே சொல்ல வேண்டும். அது எங்கள் வழக்கம். எவ்வளவு கூச்சக்காரனையும் விட்டதில்லை. வேட் தட்டைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தான்.

"எந்திரிடா. வாய்ல என்ன ரொட்டியா?" என்றார் ஹானிகன்.

"ஏன் சார், எல்லாரும்தான் பாத்தாங்களே..."

"பாத்தோம், பாத்தோம். நீ சொல்லிக் கேக்கணும்ல? பொண்ணு பாக்க வந்தவன் மாதிரி வெக்கப்படாத."

வேட் எழுந்தான். கடைசி மேசையில் ஓரின் காபியைக் கலக்கிக்கொண்டிருந்தான். சர்க்கரை கரைந்து வெகுநேரம் ஆகியிருந்தது. இரண்டு பேரும் ஒரு கணம் பார்த்துக்கொண்டார்கள். ஓரின் தோளைக் குலுக்கினான். அதற்கு என்ன அர்த்தம் என்று ஊரில் இன்றைக்கும் இரண்டு கட்சி உண்டு. "அவன் ஓடினான்... நான் பின்னாடியே ஓடினேன்," என்றான் வேட். நான் என்ற சொல்லில்தான் இறங்கினான். எண்பது பேரும் கை தட்டினோம். அவ்வளவு பெரிய கைதட்டல் அந்தக் கடையில் அதற்கு முன் கேட்டதில்லை.

செவ்வாயன்று பட்டியலில் பெயர் வந்தது, மூன்றாவதாக. வேட் முழங்கால் வரை இறங்கினான். மருத்துவர் பார்த்து, கால் இரண்டும் நல்லபடியாக இருக்கின்றன, தரைக்கு அடியில் இருக்கின்றன என்றார். நடப்பதில் சிரமமில்லை, ஆற்றில் நடப்பதுபோல் நடந்துபோவான், பின்னால் தரை மூடிக்கொள்ளும். மாடிப்படி ஏறும்போது மட்டும் கீழே நிற்பவர்களின் தலைக்குமேல் அவன் காலணி தொங்கும்.

ஓரினின் கதை ஊருக்குத் தெரிந்தது அவன் அம்மா முடி வெட்டிக்கொள்ளப் போன இடத்தில். அவன் அப்பா லைல் கட்லர் ஆகஸ்டில் தானியக் கிடங்கின் ஏணியிலிருந்து விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டவர். சனிக்கிழமை முழுவதும் பண்ணை வீட்டுச் சமையலறைக் கட்டிலில் வானொலியோடு கிடந்தார். நான்கு வருடம் மகனுடைய பெயருக்காகக் காத்திருந்த காது அது. மாலையில் சேறு காயாமல் வீட்டுக்கு வந்து, "அப்பா, அந்தப் பந்தத் தட்டினது நான்தான்பா," என்று ஓரின் சொன்னபோது அவர் சிரிக்கக்கூட இல்லை.

"மெர்ல் சொன்னத என் காதால கேட்டேன்."

"மெர்ல் தப்பா சொல்லிட்டார்பா."

"இருபத்திரண்டு வருஷத்துல அவன் தப்பா சொன்னதில்ல. உன்ன பெஞ்சுல உக்கார வெச்சாங்கன்னு நான் என்னைக்காவது கோச்சுக்கிட்டேனா? அடுத்தவன் பேர எடுத்து மாட்டிக்கற அளவுக்கு ஏன்டா எறங்கின?"

அதற்குப் பிறகு அப்பாவும் மகனும் மக்காச்சோளத்தின் ஈரப்பதம் பற்றி மட்டும் பேசிக்கொண்டார்கள். இதையும் ஊர் கேட்டது. பாவம் என்றது. லைலைப் பொதுத் தொலைபேசியில் கூப்பிட இருபத்தைந்து சென்ட் ஆகும், ஒருவரும் கூப்பிடவில்லை. அவர்கள் குடும்ப விஷயம் என்று சொல்லிக்கொண்டோம்.

வேட் அடுத்த வாரம் உண்மையைச் சொல்லிவிடத்தான் நினைத்தான், அதை நான் நம்புகிறேன். ஆனால் அடுத்த வாரம் அவன் பதினேழு பேரை மறித்து வீழ்த்தினான். தடுப்பு வரிசையில் தாழ்ந்து நிற்பவனே வெல்வான், பயிற்சியாளர்கள் காலமெல்லாம் "கீழ எறங்கு, இன்னும் கீழ எறங்கு!" என்று கத்துவது அதற்குத்தான். முழங்கால் வரை நிலத்துக்குள் நிற்பவனைவிடத் தாழ்ந்து எவன் வர முடியும்? நூற்றைம்பது கிலோ ஆட்கள் அவன்மேல் மோதி, வேரோடு நிற்கும் மரத்தில் முட்டியதுபோல் மல்லாந்தார்கள். நடுவர்கள் விதிப்புத்தகத்தைப் புரட்டினார்கள். எவ்வளவு ஆழத்தில் நின்று ஆடலாம் என்று அதில் ஒன்றும் இல்லை. ஒரே ஒரு இடைஞ்சல்: பந்து வைத்திருப்பவனின் முழங்கால் நிலத்தைத் தொட்டால் ஆட்டம் அங்கேயே நின்றுவிடும். அதனால் வேட் கைக்குப் பந்து வந்தாலே ஊதல் ஊதிவிடுவார்கள். அவன் பந்தைத் தொடாமல் எதிரியை மட்டும் வீழ்த்தக் கற்றுக்கொண்டான்.

மறுபடி பட்டியல். மறுபடி திங்கட்கிழமை. தொடைவரை. நவம்பர் முதல் வாரம் கொக்குகளே சிறந்த ஐந்து அணிகளில் ஒன்றாக வந்தபோது இடுப்புவரை. ஹானிகனுக்குச் சம்பளம் உயர்ந்தது. கல்லூரிக்கு நாற்பது விண்ணப்பங்கள் அதிகம் வந்தன. "நல்லா பாத்துக்கோ, இது என்ன எங்க கொண்டு போய் விடுதுன்னு," என்று பயிற்சியில் ஓரினிடம் வேட் ஒருநாள் மெதுவாகச் சொன்னானாம். "கேக்க வேண்டியவர்கிட்ட நான் சொல்லிட்டேன்," என்றானாம் ஓரின். "சொல்லியும் நம்பல. இனி நீதான் சொல்லணும்." இதைக் கேட்டவன் துண்டு மடித்துக்கொண்டிருந்த இன்னொரு ஆட்டக்காரன். அவனும் யாரிடமும் சொல்லவில்லை, என்னைத் தவிர.

டிசம்பர் நான்காம் தேதி ஞாயிறு, ஆராதனை முடிந்த கையோடு லூத்தரன் தேவாலயத்தின் நிலவறைக் கூடத்தில் அணிக்கு விருந்து. மாட்டிறைச்சி வறுவல், மசித்த உருளைக்கிழங்கு, பச்சை ஜெல்லி. நான்கு வருடம் முடித்தவர்களுக்குச் சான்றிதழ் உண்டு என்பதால் லைல் கட்லர் இரண்டு ஊன்றுகோல்களோடு வந்திருந்தார். வருடத்தின் சிறந்த ஆட்டக்காரன் வேட். மேடைவரை நடந்துவந்தான், தரைக்குமேல் மார்பும் தலையும் இரண்டு கைகளும். கோப்பையை ஹானிகன் மண்டியிட்டுத்தான் கொடுக்க வேண்டியிருந்தது.

"அக்டோபர்ல என்ன நடந்ததுன்னு இன்னொரு தடவ சொல்லுடா, கேக்க கேக்க நல்லாருக்கு," என்றார் மெர்ல், பழக்க தோஷத்தில்.

வேட் கோப்பையைத் தரையில் வைத்தான். லைலைத் தேடிப் பார்த்தான். "மிஸ்டர் கட்லர், அது நான் இல்ல. நான் தண்ணி குடிச்சுட்டு இருந்தேன். ஓடிப் போய் தட்டினது ஓரின்தான். உங்ககிட்ட அவன் பொய் சொல்லல."

வேட் இப்போது மேலே வருவான் என்று எல்லோரும் எதிர்பார்த்தோம். அவன் வரவில்லை. "எனக்கு அன்னைக்கே தெரியும்," என்றார் மெர்ல் காகிதக் கைக்குட்டையால் வாயைத் துடைத்துக்கொண்டு. சொல்லி முடிப்பதற்குள் முழங்கால்வரை போய்விட்டார். ஹானிகன் ஒன்றும் சொல்லாமலே இடுப்புவரை இறங்கினார். பிறகு மேசை மேசையாக, மூன்றாம் வரிசைக்காரர்கள், ஆறாம் வரிசைக்காரர்கள், பரிமாறிக்கொண்டிருந்த பெண்கள், போதகர், டாட்டி. நாற்காலிகள் அப்படியே நின்றன. எங்கள் கால்கள் மட்டும் குளிர்ந்த எதற்குள்ளோ நழுவிப் போயின. எனக்கு ஐந்து அங்குலம். பக்கத்து நாற்காலிக்காரருக்கு மூன்று என்பதில் எனக்கு வருத்தம் உண்டு. எல்லோரும் ஜெல்லியைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

லைல் கட்லர்தான் சத்தமாக அழுதார். அவருக்கு மார்புவரை. ஊன்றுகோல்கள் இரண்டும் தரைக்குமேல் சாய்ந்து கிடந்தன. ஓரின் அவர் முன்னால் தரையில் குப்புறப் படுத்து முகத்துக்கு நேரே முகம் வைத்தான்.

"நீ சொன்னத விட்டுட்டு அந்த ரேடியோ டப்பா சொன்னத நம்பிட்டேன்டா."

"விடுங்கப்பா. மெர்ல் குரல் அப்படி. அன்னைக்கு அவர் கத்தினப்ப எனக்கே ஒரு நிமிஷம் சந்தேகம் வந்துடுச்சு."

மூலையில் வேட் இரண்டு கைகளையும் தரையில் ஊன்றி எம்பிப் பார்த்துக்கொண்டிருந்தான். "அதான் சொல்லிட்டேனே. இன்னும் ஏன் வரமாட்டேங்குது?"

"ஏழு வாரம் ஆச்சேடா, கண்ணு," என்றாள் டாட்டி, கோபமில்லாமல். அவளும் கணுக்கால்வரை உள்ளேதான் இருந்தாள்.

மெர்ல் எழுதிய கடிதத்தின்படி, அடுத்த செவ்வாய் பத்திரிகை ஆறாம் பக்கத்தின் அடியில், பழைய வைக்கோல் கட்டும் இயந்திரங்களின் ஏலத்துக்குப் பக்கத்தில், இரண்டு வரி திருத்தம் போட்டது. லைல் அதை வெட்டிக் குளிர்பெட்டியின் கதவில், தன் கண்ணுக்கு எட்டும் உயரத்தில் ஒட்டினார். அதாவது கீழே.

அதற்குப் பிறகு முப்பது வருடம் ஓடிவிட்டது. டாட்டி மேசைக்கால்களை ஐந்து அங்குலம் அறுத்தாள். வங்கி தன் பணம் வாங்கும் பலகையைத் தாழ்த்தியது. வெளியூரிலிருந்து வருகிறவர்கள் இந்த ஊர்க்காரர்கள் கொஞ்சம் குள்ளம் என்று நினைத்துக்கொண்டு போகிறார்கள். இங்கே பிறக்கும் குழந்தைகள் தரைக்குமேல்தான் நடக்கின்றன, ஏழாம் எட்டாம் வகுப்பு வரை. வேட் கெஸ்லர் டிராக்டர் பழுது பார்க்கிறான். வண்டிக்கு அடியில் படுக்க வேண்டிய அவசியமில்லாத ஒரே மெக்கானிக் என்பதால் மூன்று மாவட்டத்திலிருந்து வருகிறார்கள். அவன் கல்யாணத்தில் மணப்பெண் தரையில் உட்கார்ந்து மோதிரம் போட்டாள். இரண்டு பெண்கள், நன்றாகப் படிக்கிறார்கள்.

ஓரின் கட்லர் விதைச்சோளம் விற்கிறான். அப்பா போன பிறகும் பண்ணையை விடவில்லை. கூச்சக்காரன், ஊரில் அவன் மட்டும் உயரமாகத் தெரிவது அவனுக்கே பிடிக்காது. ஹீல் இல்லாத செருப்பு வாங்கிப் பார்த்தான், குனிந்து நடந்து பார்த்தான், பிறகு விட்டுவிட்டான். காலையில் கடைக்குள் வந்தால் எல்லோருக்கும் பெயர் சொல்லி வணக்கம் சொல்வான். நாங்களும் சொல்வோம். மழை பற்றிக் கேட்பான், மழை பற்றிச் சொல்வோம். சொல்லிக்கொண்டே, முகத்தைப் பார்க்காமல், முழுசாக வெளியே தெரிகிற அவனுடைய இரண்டு பாதங்களையும் பார்த்துக்கொண்டிருப்போம்.