ரத்தினபாயின் தட்டுக்கு ஒரு குளியல் இயந்திரம்

உலக நாடுகள் கையிலுள்ள வேலையைச் சற்றே கீழே வைத்துவிட்டுச் செவிசாய்க்க வேண்டிய செய்தி இது. 1951ஆம் ஆண்டு ஆவணி மாதம் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை மாலை, ராயபுரம் கல்மண்டபத்துக்குப் பக்கத்தில், ஞானதுரை கருப்பட்டி மண்டியின் மாடியில் கூடிய இசைத்தட்டு ரசிகர் மன்றம், தன் வசமுள்ள நூற்றுப் பன்னிரண்டு தட்டுகளையும் சுத்தம் செய்ய ஓர் இயந்திரத்தைத் தேர்ந்தெடுப்பது என்று ஏகமனதாகத் தீர்மானித்தது. கொரியாவில் அப்போது சண்டை நடந்துகொண்டிருந்தது. அதைப் பற்றி மன்றம் தீர்மானம் எதுவும் போடவில்லை.

இயந்திரம் ஏன் வேண்டியிருந்தது என்பதற்கு மாடிப்படி ஏறிப் பார்த்தாலே போதும். கீழே கருப்பட்டி, மேலே சங்கீதம், நடுவில் இடுக்கு விட்ட பலகைத் தளம். கீழே சிப்பம் பிரிக்கும்போதெல்லாம் மேலே தூள் பறக்கும். கிழக்குச் சன்னலைத் திறந்தால் துறைமுகச் சரக்கு ரயிலின் கரி வரும். மூடினால் ரசிகர்களுக்கு மூச்சு முட்டும். போதாததற்கு எறும்புகள். அவை தட்டின் கோட்டிலேயே நடந்து, வெளி ஓரத்தில் தொடங்கி நடுவிலுள்ள காகிதம் வரை ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தன. பாட்டை முழுதாகக் கடைசி வரை தொடர்ந்த ரசிகர்கள் அவை மட்டும்தான்.

மன்றத்தின் பெருமை ஒரே ஒரு தட்டு. பாளையங்கோட்டை ரத்தினபாய் பாடியது. சென்னைப் பட்டணத்திலேயே இது ஒன்றுதான் என்று தலைவர் ஞானதுரை சொல்வார். போய் எண்ணிப் பார்த்தவர் யாருமில்லை. சென்ற மாதம் அந்தத் தட்டைப் போட்டபோது, எழுந்த சடசடப்பைக் கேட்டு, முன்வரிசையிலிருந்த ஓர் அம்மாள் பக்கத்தில் குனிந்து, "யார் வீட்டில் வடை சுடுகிறார்கள்?" என்று கேட்டுவிட்டார்.

செயலாளர் வெள்ளத்துரை காத்திருந்தது அதற்குத்தான். அவரும் தெற்கத்திக்காரர். வத்தல் மண்டி வைத்திருந்தார். மூன்று வருடமாக ஞானதுரையின் நாற்காலிக்குப் பின்னால் நின்றுநின்று கால் வலி கண்டவர். உடனே ஒரு தீர்மானம் எழுதினார். வரும் ஆண்டு விழாவில் ரத்தினபாய் தட்டிலிருந்து இரைச்சல் எழுமானால், தலைவர் அக்கணமே எழுந்து செயலாளரை நாற்காலியில் அமர்த்த வேண்டியது. ஆண்டு விழாவுக்குத் துறைமுகத்தில் பெரிய உத்தியோகம் பார்த்து ஓய்வுபெற்ற ஒருவர் வருவதாக ஒப்புக்கொண்டிருந்தார். அவர் முன்னால் வடை சுட முடியாது என்று எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள்.

ஞானதுரையும் போட்டார். போடும்போது மறு கையால் நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். நாற்காலி என்னவோ பழைய பிரம்பு நாற்காலிதான். ஆனால் மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்ட அந்த மனிதருக்காகப் பி.ஏ. படித்தவர்கள் எழுந்து நின்றது உலகத்தில் அந்த ஒரு நாற்காலிக்கு முன்னால்தான். மண்டியில் அவரைப் பார்த்து எழுந்தவை ஈக்கள் மட்டுமே.

மன்றத்துக்குக் கிராமபோன் சுற்றிக்கொடுப்பவன் காசிமேட்டுக் கருணாகரன். கடலுக்குப் போகிற குடும்பத்தில் பிறந்தும் அலையைக் கண்டால் குமட்டும் என்பதால், குப்பத்துக் கல்யாணங்களுக்கு ஒலிபெருக்கி கட்டிப் பிழைத்தான். அவன் தலையைச் சொறிந்தான்.

"இன்னாத்துக்கு நைனா மிஷினு? பழைய மல்லுத் துணிய தண்ணில நனைச்சு, புழிஞ்சு, கோடு போற போக்குல ஒரு தொட தொடச்சா முடிஞ்சு பூட்டுது. நம்ம பிளேட்டுங்க மேல மணலு, மீன் செதிலு அல்லாம் பட்டுகினுதான் கீது. பாடாமயா பூட்டுது?"

"துணிய ஆண்டறிக்கையில எப்படிவே எழுதுறது?" என்றார் ஞானதுரை.

துணி தள்ளுபடியானது.

முதல் இயந்திரத்தைக் கொண்டுவந்தவர் வெள்ளத்துரையே. தலைவர் தோற்கவேண்டும், ஆனால் இயந்திரம் தன்னுடையதாக இருக்கவேண்டும் என்பது அவர் கணக்கு. ஊருக்குத் திரும்பிப்போன ஒரு வெள்ளைக்காரரின் பங்களா ஏலத்தில் எடுத்தது. முரசு போல் வட்டமான மரப்பெட்டி, இரும்புக் கால், பக்கத்தில் கைப்பிடி, மேலே வரிசையாகப் பிளவுகள்.

"சீமைச் சரக்கு," என்றார் வெள்ளத்துரை. "தட்டுகளைச் சுத்தம் பண்ணுததுக்குன்னே செஞ்சிருக்கான். அவன் ரசனையே ரசனை."

கருணாகரன் பெட்டியைச் சுற்றி வந்தான். "இது கத்தி தொடைக்கிற பொட்டி நைனா. எங்க சித்தப்பா தொரை வூட்டுக் குசினில கீறப்போ பாத்துகீறேன். இந்தச் சந்துல கத்தியச் சொருவி, புடியச் சுத்துனா பளபளன்னு வரும்."

"கத்திக்கு ஆகுறது தட்டுக்கு ஆகாதாவே?" என்றார் வெள்ளத்துரை.

ஒரு தட்டைச் செருகிப் பார்த்தார்கள். நுழையவில்லை. "தட்டைக் கொஞ்சம் பெரிசாச் செஞ்சிட்டான்," என்றார் வெள்ளத்துரை, குற்றத்தைத் தட்டின் மேல் போட்டு.

இரண்டாவது இயந்திரம் பெரம்பூரிலிருந்து மாட்டுவண்டியில் வந்தது. ரயில்வே பட்டறையில் ஃபிட்டராக இருந்த ஜெயக்கொடி செய்தது. ஞானதுரையின் தங்கை மருமகன் அவர். பழைய தையல் மெஷினின் கால்மிதி, அதன் மேல் சுழலும் இரும்பு வட்டம், வட்டத்தை அழுத்தி நிற்கும் கம்பளிக் கட்டை, கம்பளி மேல் சொட்டுச் சொட்டாக விடுவதற்குக் குழாய் வைத்த தகரக் குவளை. ரயில் பெட்டிக்கு அடிக்கிற அதே பச்சைச் சாயம் பூசியிருந்தது. யாராவது கொடி காட்டினால் புறப்பட்டுவிடும் போலிருந்தது.

"குவளையில தண்ணி ஊத்தணுமா மாப்ள?" என்று கேட்டார் ஞானதுரை.

"தண்ணியா? இரும்பு துருப்பிடிக்கும் மாமா. ஸ்பிரிட்டுதான். பட்டறையில டைனமோவையே அதுலதான் துடைக்கோம். ஒரு பொட்டு அழுக்கு நிக்காது."

இரண்டில் எதைத் தேர்ந்தெடுப்பது என்று மூன்று மணி நேரம் விவாதம் நடந்தது. கடைசியில் ஞானதுரை தமக்குத் தெரிந்த ஒரே நியாயத்தைக் கையிலெடுத்தார். இரண்டையும் கயிறு கட்டி மண்டிக்கு இறக்கச் சொல்லி, கருப்பட்டித் தராசில் ஏற்றினார். கத்திப்பெட்டி இரண்டு மணங்கு. பெரம்பூர் இயந்திரம் நாலரை.

"பாத்தேரா," என்றார் ஞானதுரை. "சரக்குன்னா பளு இருக்கணும்."

"அப்பிடின்னா எருமமாட்டையே இட்டாந்து கட்டிடலாமே நைனா," என்றான் கருணாகரன்.

தராசுக்காரன் தலைவருடைய ஆள் என்று வெள்ளத்துரை ஆட்சேபித்தார். ஆட்சேபம் குறிப்பேட்டில் ஏறியது. இயந்திரம் மாடியில் ஏறியது.

மீதமிருந்தது ஸ்பிரிட்டு. மதுவிலக்கு அமலிலிருந்த காலம். பெர்மிட் இல்லாதவர் அந்தச் சொல்லை உரக்க உச்சரித்தாலே நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள், அதில் மூன்று பேர் ஆசையாக. திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் நாற்காலி மேசைக்குப் பாலிஷ் போடும் திருமலையிடம் முறையான லைசென்சு இருந்தது. தேவாலயச் சபையில் மூப்பராகவும் இருந்த ஞானதுரை, கோட்டு போட்டு, குடையை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு, நண்பகலில் அவன் கடைக்குப் போனார்.

"ரெண்டு பாட்டில் ஸ்பிரிட்டு வேணும்."

திருமலை தெருவை இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுக் கதவைப் பாதி சாத்தினான். "எதுக்குன்னு நான் கேக்க மாட்டேன் மொதலாளி."

"கேளும். தட்டு கழுவ."

"சரி. தட்டு கழுவ."

"நெசமாத்தான்யா. பாட்டுத் தட்டு. கிராமபோன்ல போடுதோமே, அது."

"நான் இல்லன்னா சொன்னேன்? போன மாசம் ஒரு வாத்தியாரு வந்து பேனா கழுவணும்னாரு. அதுக்கு முந்தி ஒருத்தரு ரோசாச் செடியில பூச்சின்னாரு. மறுநா பாத்தா ரோசாச் செடி போலீசு டேசன்ல படுத்துகினு கீது. உங்களுது பாட்டுத் தட்டு. இதான் புச்சா கீது. நல்லா கீது."

"ஒம்ம கண்ணு முன்னால சத்தியம் பண்ணட்டுமா? பாட்டு தெளிவா வரணும், அவ்வளவுதான்."

"வரும் மொதலாளி. ரெண்டாவது கிளாஸ்ல தானா வரும்." திருமலை பாட்டில்களைத் துணியில் சுற்றினான். பிறகு முகம் மாறி, குரலைத் தாழ்த்தினான். "ஆனா ஒண்ணு, தோஸ்து மாதிரி சொல்றேன். இதுல வெசம் கலந்துதான் உடறான். குடிச்சா கண்ணு பூடும். கைல பூசுங்க, மூஞ்சில பூசுங்க, வாயில மட்டும் வாணாம்."

ஸ்பிரிட்டு எதை என்ன செய்யும் என்று முழுதாக அறிந்த ஒரே மனிதனிடம் ஞானதுரை முழு உண்மையையும் சொல்லிவிட்டார். அவன் நம்பவில்லை. ஒரு பொய் சொல்லியிருந்தால்கூட ஏதாவது விசாரித்திருப்பான்.

வீட்டில் அவர் மனைவி தேவகிருபை மூட்டையை முகர்ந்து பார்த்தாள். "மூப்பர் பதவிய முதல்ல ராஜினாமா பண்ணிருங்க. அப்புறமா மத்தத பாத்துக்கிடலாம்," என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

ஆண்டு விழா அன்று மாடி நிறைந்திருந்தது. முதலில் வேறொரு தட்டைக் கழுவிப் பார்க்கலாம் என்று ஜெயக்கொடி மெதுவாகச் சொல்லிப் பார்த்தார். "முதல் மரியாதைய வேற தட்டுக்குக் கொடுக்கவா?" என்று தலைவர் மறுத்துவிட்டார். ஜெபம் பண்ணினார்கள். இந்து உறுப்பினர்கள் மனம் நோகக்கூடாது என்று தேங்காயும் உடைத்தார்கள். விருந்தினர் ரிப்பன் வெட்டினார். அவருக்கு ஒரு காது கொஞ்சம் மந்தம் என்பது அப்போதுதான் தெரிந்தது. வெட்டச் சொல்லி மூன்று தரம் கத்த வேண்டியிருந்தது.

ரத்தினபாயின் தட்டு இரும்பு வட்டத்தில் ஏறியது. ஜெயக்கொடி மிதித்தார். குவளை சொட்டியது. கம்பளி அழுத்தியது. கருப்பாக ஏதோ வழிந்தது. "அழுக்கு," என்று ஞானதுரை எல்லோரும் கேட்கச் சொன்னார். அழுக்கு வழிய வழியக் கைதட்டினார்கள். இன்னும் கொஞ்சம் மிதிக்கச் சொன்னார்கள். மறுபக்கத்தையும் திருப்பிப் போட்டு மிதித்தார்கள். கால் மணி நேரம் கழித்துத் தட்டை உயர்த்திக் காட்டியபோது கூட்டமே ஆகா என்றது. அப்படி ஒரு பளபளப்பு. முன்வரிசை அம்மாள் அதில் பார்த்துப் பொட்டைச் சரிசெய்துகொண்டார்.

கருணாகரன் தட்டை விரலால் தடவினான். ஏதோ சொல்ல வாயெடுத்தான். "போடும்வே," என்றார் தலைவர். போட்டான்.

சத்தமில்லை.

ரத்தினபாய் மூச்சு வாங்குகிறாள் என்று சிலர் பொறுத்திருந்தார்கள். இருவர் முன்கூட்டியே தாளம் போடத் தொடங்கினார்கள். ஊசி வெளி ஓரத்திலிருந்து நடு வரை ஒரே வழுக்காக வழுக்கிப் போய் நின்றது. கருணாகரன் எடுத்து மறுபடி வைத்தான். மறுபடி வழுக்கியது.

"நுட்பமான சாரீரம்," என்றார் விருந்தினர்.

அப்போது கதவருகே ஒரு குரல் கேட்டது. "அடப்பாவமே. நெசமாவே பிளேட்டா?"

திருமலை நின்றிருந்தான். எண்ணெய் தேய்த்த தலை, சலவைச் சட்டை, கையில் காகிதப் பொட்டலம் நிறைய வறுத்த கடலை. இரண்டு பாட்டில் போன இடத்தில் விஷம் கலக்காத சரக்கும் ஒரு கிளாஸாவது கிடைக்காதா என்று விசாரித்து வந்திருந்தான். கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய்த் தட்டை வாங்கிச் சன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தான்.

"இது அரக்கு மொதலாளி. நான் நாக்காலிக்குப் போடறேனே, அதே அரக்கு. ஸ்பிரிட்டு பட்டா கரையும். கம்பளி வெச்சு சுத்திச் சுத்தித் தேச்சீங்கன்னா கோடு அல்லாம் எறங்கி இப்பிடித்தான் ஆவும். பாலிஷுன்னா இன்னா, இதான்." கொஞ்சம் பொறாமையோடு சேர்த்துக்கொண்டான். "ஆனா கை சுத்தம். நானே இந்த அளவுக்குப் போட்டதில்ல."

அவன் நீட்டிய தட்டை ஞானதுரை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். அதில் அவர் முகம் மீசையோடு தெரிந்தது.

வெள்ளத்துரை நாற்காலிக்குப் பக்கத்தில் வந்து நின்றார். "அண்ணாச்சி, எந்திரிங்க."

"எதுக்குவே?"

"எதுக்கா? பாட்டு வரலியே."

ஞானதுரை தட்டை மடியில் வைத்துக்கொண்டார். "தீர்மானத்த வாசியும்."

வெள்ளத்துரை வாசித்தார். தாமே எழுதிய வாசகம் என்பதால் மிடுக்காகவே தொடங்கினார். 'இரைச்சல் எழுமானால்' என்ற இடத்துக்கு வந்ததும் மிடுக்கு குறைந்தது.

"இரைச்சல் கேட்டிச்சாவே?" என்றார் ஞானதுரை.

எல்லோரும் வெள்ளத்துரையைப் பார்த்தார்கள். திருமலை மட்டும் கடலை கொறித்துக்கொண்டிருந்தான்.

"நல்லா யோசிச்சிச் சொல்லும். வடை சுடுத சத்தம், எறும்பு சத்தம், ஏதாச்சும்?"

"இல்ல," என்றார் வெள்ளத்துரை.

"எழுதும்."

வெள்ளத்துரை குறிப்பேட்டைப் பிரித்து, ஆண்டு விழாவில் தட்டிலிருந்து எவ்வித இரைச்சலும் எழவில்லை என்று எழுதி, தம் கையெழுத்தையும் போட்டார். பி.ஏ. படித்தவர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். கைதட்டல் விருந்தினருக்கே கேட்டது.

மீதி நூற்றுப் பதினொரு தட்டுகளிலும் இரைச்சல் இருப்பதால் அவற்றை மன்றத்தில் போடக்கூடாது என்று தலைவர் மறுவாரமே உத்தரவிட்டார்.

இப்போது அங்கே கேரம் ஆடுகிறார்கள்.