எழுபத்திரண்டு மணி நேரம்

குத்துச்சண்டையில் ராகேல் வாங்கும் குத்துகள் சரியாக எழுபத்திரண்டு மணி நேரம் கழித்துத்தான் அவள் உடம்பில் விழும். தேசிய அமெச்சூர் பட்டத்தை அவள் மூன்று முறை வென்றது அப்படித்தான். எதிராளிகள் குத்திக் குத்தியே களைத்தார்கள். மூன்றாம் நாள் கரமனை வீட்டில், கணவன் செல்வின் அவளுக்குத் தலைக்கவசம் மாட்டி, நாற்காலியில் உட்காரவைத்துத் தோளைப் பிடித்துக்கொள்வான். குத்துகள் ஒவ்வொன்றாக வந்து விழும். இடைவேளைகளில் தண்ணீர் கொடுப்பான். சந்தையில் மீன் விற்கும் ஷைலஜா அதற்கென்றே ஐஸ் எடுத்து வைப்பாள். கரண்ட் போகும் நேரத்தைப் போலத் தெருவே இதையும் தெரிந்து வைத்திருந்தது.

தொழில்முறைக்கு மாறியபோது மூன்று சுற்று பத்தானது. களத்தில் தலைக்கவசம் கிடையாது. வீட்டில் போட்டுக்கொள்ளத் தடையில்லை என்பதால் இருவரும் கவலைப்படவில்லை. உள்நாட்டில் ஆறு போட்டிகள், ஆறு வெற்றிகள். ஏழாவது, பட்டத்துக்கு, பாங்காக்கில். போஸ்டரில் இரவு எட்டு மணி என்று போட்டிருந்தது. பத்துச் சுற்றும் அடிவாங்கி நின்று ஜெயித்தாள். டியூஷன் வகுப்பில் இருந்த செல்வின் செய்தியை ஒன்பது மணிக்குத்தான் பார்த்தான். அவன் கணக்கு வாத்தியார். நேரம் பார்ப்பது எப்போதும் அவன் வேலை. மூன்றாம் நாளைக்கு ஏழே முக்காலுக்கு அலாரம் வைத்தான்.

மூன்றாம் நாள் மாலை, ஊர் திரும்பியிருந்த ராகேல் ஐஸ் வாங்கச் சந்தைக்குப் போனாள்.

"இன்னைக்கு எப்பளாக்கும் அடி?" என்றாள் ஷைலஜா.

"எட்டு மணிக்காக்கும் சேச்சி. அவிய அலாரம் வச்சிருக்காவ."

"உன் அடி பஸ்ஸு மாதிரி இல்ல மோளே, கிருத்யமா வரும்."

ஆறரைக்கு முதல் குத்து விழுந்தது. பாங்காக்கில் எட்டு மணியாகும்போது கரமனையில் ஆறரை. அந்த ஒன்றரை மணி நேரத்தைக் கழிக்கக் கணக்கு வாத்தியார் மறந்திருந்தான். ஷைலஜா ஐஸ் பையைப் போட்டுவிட்டு அவள் தலையை இரு கைகளாலும் பொத்தினாள். கைகள் போதவில்லை. நான்காவது சுற்றுவரை ராகேல் மீன்பலகையைப் பிடித்துக்கொண்டு நின்றாள், பாங்காக்கில் நின்றதைப் போலவே.

தகவல் கேட்டுச் செல்வின் தலைக்கவசத்தோடு ஓடி வந்தபோது ஏழாவது சுற்று நடந்துகொண்டிருந்தது. கீழே கிடந்த ராகேலுக்கு மூச்சு இல்லை. குத்துகள் மட்டும் வந்துகொண்டிருந்தன. தலை இடமும் வலமுமாகத் திரும்பியது. ஈரத்தரையில் உட்கார்ந்து அவளுக்குத் தலைக்கவசம் மாட்டினான். வாரை இறுக்கினான். தோளைப் பிடித்துக்கொண்டான். இடைவேளைகளில் உதட்டை நனைத்தான். சுற்றி நின்றவர்கள் காத்திருந்தார்கள். பத்தாவது சுற்று முடிந்தபோது ஆறு ஐம்பத்தொன்பது. அதன் பிறகுதான் அவளைத் தூக்கினார்கள்.

ஏழே முக்காலுக்கு வீட்டில் அலாரம் அடித்தது. செல்வின் அதை அணைத்துவிட்டு, பழக்கப்படி நாற்காலியைக் கூடத்தின் நடுவே இழுத்துப் போட்டான்.