ஐந்தாவது சக்கரத்துக்கு ஒரு எலுமிச்சம்பழம்

சபேட்டோ என்ற ஊரில் அப்பலசாமியின் காரிலிருந்த ஐந்தாவது சக்கரம், 2009-ஆம் ஆண்டு ஆயுத பூஜைக்கு மறுநாள் காலை, கோபித்துக்கொண்டு வீட்டைவிட்டுப் போனது. டிக்கியைத் தானே திறந்து இறங்கி, கரும்புத் தோட்டத்து மண்பாதையில் அது உருண்டு போனதை இரண்டு பேர் பார்த்தார்கள். ஒருவர் பால்காரர்; அவர் பேச்சை யாரும் நம்புவதில்லை. இன்னொருத்தி அப்பலசாமி மனைவியின் அக்கா ப்ரேமிலா. அவளை யாரும் கேட்கவில்லை.

காரணம் சின்னதுதான். வருஷா வருஷம் ஊர்த் தமிழ்ச் சங்கத்துக் கோயில் பூசாரி வந்து காருக்குச் சந்தனம் வைப்பார், நாலு சக்கரத்துக்கும் நாலு எலுமிச்சம்பழம் வைத்து வண்டியை நகர்த்தி நசுக்குவார்கள். அந்த வருஷம், ஸ்பேருக்கும் ஒன்று வைக்கலாமே என்று ப்ரேமிலா கேட்டாள். "அது ஃபால்தூதானே, உட்டுடு" என்றார் அப்பலசாமி. அந்த வீட்டில் புழக்கத்துக்கு ஹிந்தி, சாமிக்கும் சண்டைக்கும் தமிழ். ஃபால்தூ என்றால் கூடுதலாக இருப்பது என்றும் பொருள், வேண்டாதது என்றும் பொருள். அப்பலசாமி முதல் பொருளில் சொன்னார். சக்கரம் இரண்டாவதை எடுத்துக்கொண்டது.

ப்ரேமிலாவுக்கு அந்தச் சொல் புதிதல்ல. தங்கை இந்திராவதியின் தலைப்பிரசவத்துக்கு நாற்பது நாள் என்று வந்தவள், இருபத்தொரு வருஷமாகச் சமையலறைக்குப் பின்னால் உள்ள அறையில் இருந்தாள். யாருக்காவது உடம்புக்கு வந்தால் அவளை வெளியே எடுப்பார்கள், குணமானதும் உள்ளே வைத்துவிடுவார்கள். விசேஷத்துப் படங்களில் அவள் இருக்க மாட்டாள், ஏனென்றால் படம் எடுத்தது அவள். யாருக்கும் ஒரு நோவும் இல்லாத ஒரு நாளில் தன்னை யாராவது தேடிவர வேண்டும் என்பது ஒன்றுதான் அவள் ஆசை. அதைக்கூட அவள் சக்கரத்திடம் மட்டுமே சொல்லியிருந்தாள்.

சக்கரம் போன மாதத்தில் கார் பதினோரு தடவை பஞ்சரானது. நாந்தி டவுனில் டயர் கடை வைத்திருந்த ஹனீஃப் பொறுமையாக வழிகளைச் சொன்னார். புதுக் கார்களில் வருகிற மெலிந்த சக்கரம் ஒன்று இருக்கிறது, எண்பது கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் போனால் கோபித்துக்கொள்ளும். பசை புட்டியும் குட்டிப் பம்பும் இருக்கின்றன, ஆணி குத்தினால் அடைக்கும், பக்கவாட்டில் கிழிந்தால் கைவிரிக்கும். காற்று போனாலும் ஓடுகிற டயர் இருக்கிறது, ஆனால் அந்த டயருக்குத் தோதான கார் வேறு வாங்க வேண்டும். அப்பலசாமி புட்டியை வாங்கினார், பரம திருப்தியோடு.

மூத்த மகள் உர்மிளாவின் நிச்சயத்துக்கு லௌடோகா போகும் வழியில், ஆற்றுப் பாலத்தருகே, டயர் பக்கவாட்டில் கிழிந்தது. பசை முழுவதும் ரோட்டில் வழிந்தது. பாலத்தடியில், மாமரத்து நிழலில், ஐந்தாவது சக்கரம் சாய்ந்திருந்தது. அப்பலசாமி இறங்கிப்போய் ஹிந்தியில் கெஞ்சினார், அதட்டினார், பிறகு மறுபடி கெஞ்சினார். அது அசையவில்லை. பின் சீட்டில் தாம்பாளங்களை மடியில் வைத்திருந்த ப்ரேமிலா ஒரு எலுமிச்சம்பழத்தை எடுத்துக்கொண்டு இறங்கினாள்.

"அவங்களுக்காக வராதே. ஒனக்கு இஷ்டம் இருந்தா வா" என்றாள் தமிழில்.

சக்கரம் சற்று யோசித்துவிட்டு வந்தது. நிச்சயம் நல்லபடியாக நடந்தது.

அடுத்த ஆயுத பூஜைக்கு எலுமிச்சம்பழம் ஐந்து. ஐந்தாவது சக்கரத்துக்கு மாலை, சந்தனம், பட்டுத் துண்டு. அப்பலசாமி அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். தட்டைப் பிடித்துக்கொண்டு நின்ற ப்ரேமிலா, தன் பக்கம் யாராவது திரும்புவார்களா என்று கடைசிவரை காத்திருந்தாள். பிறகு தட்டைக் கழுவி வைத்தாள். மறுநாள் முதல் பஸ்ஸில் அவள் கிளம்பிப் போனாள். அதையும் இரண்டு பேர் பார்த்தார்கள், பால்காரரும் சக்கரமும். சக்கரம் பஸ்ஸுக்குப் பின்னாலேயே உருண்டது.

நகாசியில் பள்ளிச் சீருடை தைக்கும் கடையில் அவளுக்கு வேலை கிடைத்தது. சபேட்டோ வீட்டில் பழையபடி வழிகள் தேடினார்கள். வேலைக்கு வைத்த பெண் மெதுவாகத்தான் செய்வேன் என்றாள். ஒன்றுவிட்ட அத்தை தலைவலிக்கு வந்தாள், காய்ச்சல் என்றதும் கைவிரித்தாள். ப்ரேமிலா போன எட்டாவது மாதம் இந்திராவதி டெங்குவில் விழுந்து, அக்காவை வரச்சொல்லி போன் செய்தாள். ப்ரேமிலா மருந்தும் கஞ்சியும் எப்படி என்று விவரமாகச் சொன்னாள். கடைசியில், "ஒடம்பு நல்லானப்பறம் நீ வா" என்று சொல்லி போனை வைத்துவிட்டாள். அன்று முழுக்கத் தையல் கோணிக்கொண்டே போனது.

ஆறு வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, கார் நகாசிக்கு வந்தது. அப்பலசாமி, இந்திராவதி, பிள்ளைகள் இருவர் என்று நான்கு பேரும் இறங்கினார்கள், ஆளுக்கொரு எலுமிச்சம்பழத்தோடு. சாமியும் இல்லை, சண்டையும் இல்லை, ஆனாலும் இந்திராவதி தமிழில்தான் சொன்னாள்.

"அக்கா, யாருக்கும் ஒண்ணும் இல்ல. சும்மாதான் வந்தோம்."

ப்ரேமிலா அழுதாள். பிறகு டீ போட்டாள். அன்று எடுத்த படத்தில் அவள் நடுவில் இருக்கிறாள், கொஞ்சம் மங்கலாக, ஏனென்றால் படம் எடுத்தது அப்பலசாமி.

கூட வரும்படி அவளை யாரும் கேட்கவில்லை, அவளும் போகவில்லை. சக்கரம் தையல் மெஷின் பக்கத்தில் சாய்ந்திருந்ததை அப்பலசாமி பார்த்தார். ஸ்பேர் இல்லாமலே நாலு மணி நேரம் ஓட்டிக்கொண்டு ஊர் திரும்பினார். வழியில் பஞ்சர் ஆகவில்லை. இப்போது ஆயுத பூஜைக்கு ஆறு எலுமிச்சம்பழம் வாங்குகிறார்கள். அதற்கு முந்தின நாள் ப்ரேமிலாவும் சக்கரமும் நகாசியிலிருந்து பஸ்ஸில் வருகிறார்கள். சக்கரத்துக்கு அரை டிக்கெட்.